பெர்ட் வில்லியம்ஸ் ஏன் கடைசிவரை முகத்தில் கரி பூசினார்?

கேள்வி:
பாட்டு, நடனம், நகைச்சுவை எல்லாம் கலந்த அமெரிக்க வாட்வில் மேடையைப் பற்றிப் படித்து வருகிறேன். பஹாமாஸின் நசாவு நகரில் 1874-இல் பிறந்த நகைச்சுவை நடிகர் பெர்ட் வில்லியம்ஸ், தாமே கறுப்பினத்தவராக இருந்தும், முகத்தில் கரி பூசிக்கொண்டே 1922-இல் இறக்கும்வரை நடித்திருக்கிறார். 1910-இல் சீக்ஃபெல்ட் ஃபாலிஸ் என்ற புகழ்பெற்ற நியூயார்க் மேடை நிகழ்ச்சியில் வெள்ளை நட்சத்திரங்களுடன் இடம்பெற்ற பிறகாவது அதைக் கைவிட்டிருக்கலாமே?

பதில் 1:
வெள்ளையர்கள் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்த மின்ஸ்ட்ரல் ஆட்டம் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டதால், கறுப்பு நகைச்சுவை நடிகரிடமும் அதே முகத்தையே அரங்க உரிமையாளர்கள் எதிர்பார்த்தார்கள். 1893-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் வாக்கர் என்ற கறுப்பு நடிகரை வில்லியம்ஸ் சந்தித்து இணைந்த பின், கரி பூசிய வெள்ளை நகல்களுக்கு நடுவே தாங்களே அசல் என்றுதான் இருவரும் விளம்பரம் செய்தார்கள். வாக்கர் கரி பூசாமல் பகட்டான உடையில் சவடால் பேச, ஏமாளியாக வந்த வில்லியம்ஸே அதைப் பூசினார்.

பதில் 2:
சந்தையின் கட்டாயம் மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. தம்மை வேறொரு மனிதராகப் பார்க்க முடிந்த பிறகே தமக்கு நகைச்சுவை உணர்வு வளர்ந்ததாக 1918-இல் ஓர் இதழில் அவரே எழுதினார். மேடையில் பேசிய தென்மாநிலக் கறுப்பர் வழக்கைக்கூட அவர் முயன்று கற்க வேண்டியிருந்தது. எதிரே ஆளே இல்லாமல் அவர் நிகழ்த்திய சீட்டாட்ட ஊமை நடிப்பு 1916-இல் படமாக்கப்பட்டது. கையும் கண்ணும் மட்டுமே பேசும் அந்தச் சில நிமிடங்களை அவசியம் பாருங்கள்.

பதில் 3:
இருவர் சொல்வதும் பொருந்தும், ஆனால் குழுவையும் கணக்கில் கொள்ள வேண்டும். வில்லியம்ஸும் வாக்கரும் தங்கள் குழுவுடன் நடித்த, முழுக்கக் கறுப்பர்களே எழுதி நடித்த 'இன் டஹோமி' என்ற இசை நாடகம் 1903-இல் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயின் முதன்மை அரங்கொன்றில் ஏறி, அதே ஆண்டு லண்டன் சென்று பக்கிங்காம் அரண்மனையிலும் நடந்தது. 1909-இல் வாக்கர் நோயுற்றபோது அவருடைய மனைவி எய்டா ஓவர்டன் வாக்கர் ஆணுடை அணிந்து கணவரின் பாத்திரத்தையே ஆடினார். இத்தகைய கலைஞர்களுக்கு மேடை கிடைப்பதற்கு வில்லியம்ஸின் புகழ் பெரிதும் உதவியது. 1913-இல் எடுக்கப்பட்டு முடிக்கப்படாமலே போன அவருடைய படத்தின் சுருள்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்து, 2014-இல் திரையிடப்பட்டன. அதில் அவர் கரி பூசியிருக்கிறார். காதல் காட்சியிலும் நடனத்திலும் அவரைச் சுற்றி வரும் கறுப்பு நடிகர்களோ இயல்பான முகத்துடன் தோன்றுகிறார்கள்.