பதில்: ட்ரைகோபீசோர் – 'மயிர்க்கட்டி' சரிவருமோ?

வணக்கம். ட்ரைகோபீசோர் (விழுங்கிய தலைமயிர் இரைப்பையில் திரண்டு நிற்பது) என்பதற்கு எங்கள் மருத்துவச் சொல் வரைவில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற கேள்விக்கு ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'மயிர்க்கட்டி' என்று வைத்தால் எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு தாயிடம் "பிள்ளையின்ர வயித்தில கட்டி" என்றால் "கான்சரோ டொக்டர்?" என்றுதான் கேட்பா. இது உடம்பில் வளர்ந்ததில்லை, பிள்ளை விழுங்கிய தலைமயிர். மயிர் சமிக்காது. வழுக்கலானபடியால் இரைப்பையின் அசைவுக்கும் பிடிபடாமல் மடிப்புகளில் சிக்கி நிற்கும். பிறகு விழுங்குவதெல்லாம் அதிலேயே சுற்றும். எடுக்கும்போது இரைப்பையை அச்சாக வைத்து வார்த்தது போல, அமிலத்தில் கறுத்து, நாற்றத்தோடு வரும்.

ஆகவே 'மயிர்த்திரளை'. பீசோருக்கு, அதாவது வயிற்றில் சமிக்காமல் திரண்டு நிற்கும் எதற்கும், திரளை என்றால் நார்த்திரளை, பால்திரளை, குளிசைத்திரளை எல்லாம் தானாக வரும். தமிழ்நாட்டு நண்பர்கள் 'மயிர்' என்றால் நெளிவார்கள், தெரியும். இங்கே நாங்கள் தலைமயிர் வெட்டத்தான் சலூனுக்குப் போகிறோம்.

இதற்குச் சித்த வைத்தியர் ஐயா ஒருவர் பெயராகச் சொன்ன 'கோரோசனை' கிட்டத்தான் வருகிறது. பீசோரும் நஞ்சுமுறி என்று பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழி வந்ததே. ஆனால் கோரோசனை மாட்டின் பித்தக்கல். பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கிற மருந்தின் பெயரை அதன் குடலை அடைத்ததற்கு வைக்கலாமோ?

திரளையின் வால் சிறுகுடலுக்குள் நீளும் நிலைக்கு 1968இல் ரபன்ஸெல் என்று, நீண்ட கூந்தலுள்ள கதைப்பெண்ணின் பெயரை வைத்தார்கள். எங்களுக்கு 'வால் மயிர்த்திரளை' போதும்.

எனக்குக் கூடுதல் கவலை சத்திரசிகிச்சைப் பகுதியில். வரைவில் 'இரைப்பை அகற்றல்' என்று கிடக்கிறது! இரைப்பையை யார் அகற்றுகிறார்கள்? வயிற்றைத் திறந்து, இரைப்பையின் முன்சுவரைக் கீறி, திரளையை வாலோடு எடுத்துவிட்டுத் தைக்கிறார்கள். 'இரைப்பைத் திறப்பு' என்று மாற்றுங்கள். அறுந்த துண்டு கீழே போய்ச் சிறுகுடலை அடைத்திருந்தால் அங்கே இன்னொரு கீறல், 'குடல் திறப்பு'. முழுக் குடலையும் கையால் தடவிப் பார்ப்பதும் இப்படித் துண்டு தங்கியிருக்கும் என்றுதான். சம்மதப் படிவத்தில் தாய் இந்தச் சொல்லை வாசித்துத்தான் கையெழுத்து வைக்கப்போகிறா.

அதே படிவத்தில் 'மயிர் தின்னும் பழக்கம்' வேண்டாம், 'மயிருண்ணல்' என்போம். பிள்ளையை மனநல கிளினிக்குக்கும் அனுப்பாவிட்டால் திரளை திரும்பவும் வரலாம். ஏச்சு மாதிரி ஒரு பெயரை எழுதிவைத்தால் எந்தத் தாய் கூட்டிக்கொண்டு போவா?

– இணுவில்

---

திரளைக்கு நானும் சரி. ஆனால் 'குடல் திறப்பு' என்றால், மலம் போக வயிற்றில் பை வைக்கிற ஒப்பரேசன் என்று ஆக்கள் பயப்பட மாட்டினமோ? 'குடற்கீறல்' எப்படி?

– கோண்டாவில்