பிரசங்க பீடத்துல நிக்கிற வெஸ்லி பொம்மை, நெஜமாவே பழசா?

மண்வாசம்:
வணக்கம். இங்க இங்கிலாந்துல ஒரு கார் பூட் சேல்ல (கார் டிக்கில வச்சு பழைய சாமான் விக்கிற சந்தை) போன வாரம் மண் பொம்மை ஒண்ணு வாங்கினேன், 11 இன்ச் இருக்கும், கறுப்பு அங்கி, நீள வெள்ளை முடி, பீடத்துல நின்னு ஒரு கைய தூக்கியிருக்காரு. மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி, மண்பாண்டத்துக்கு பேர்போன ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்து வேலைனு சொன்னாங்க. எங்க தாத்தா மெதடிஸ்ட் சபையில உபதேசியார், அதான் பாத்ததும் விட மனசு வரல. ஆனா முதுகு சப்பையா, வண்ணமே இல்லாம இருக்கு. காப்பியா இருக்குமோ?

பழையசாமான்:
சப்பை முதுகுக்கு பயப்படாதீங்க, விக்டோரியா காலத்து பொம்மைங்க பாதிக்கு மேல அப்படித்தான். ஃபயர்ப்ளேஸ் மேல சுவத்தோட ஒட்டி வைக்கிறதுக்கு செஞ்சது, பின்னாடி யாரு பாக்கப்போறா, அதுல வண்ணமும் கூலியும் மிச்சம். அடியில ஓட்டை எவ்ளோ பெருசுனு பாருங்க. பழசெல்லாம் களிமண்ண தட்டி அச்சுல கையால அமுக்கி செஞ்சது, சூளையில காத்து வெளியேற சின்ன துளைதான் இருக்கும். பின்னாடி வந்த காப்பிங்க கூழ் மாதிரி கரைச்ச மண்ண அச்சுல ஊத்தி மிச்சத்த வடிச்சிருவாங்க, அதுல பெரும்பாலும் விரலே நுழையற ஓட்டை இருக்கும், எடையும் கம்மி.

சூளைக்காரி:
தங்கப்பூச்சும் பாருங்க, பழசு மங்கலா அங்கங்க தேஞ்சிருக்கும், கண்ணாடி மாதிரி பளபளன்னா பெரும்பாலும் 1880க்கு அப்புறம். கிளேஸ்ல (மண்ணு மேல இருக்கிற பளபள பூச்சு) வெடிப்பு எல்லா பக்கமும் ஒரே சீரா பழுப்பா இருந்தா சந்தேகப்படுங்க, சாயம் ஏத்தியிருப்பாங்க.

வெஸ்லிக்கும் ஸ்டாஃபோர்ட்ஷயருக்கும் நெசமான உறவு உண்டுங்க. 1760லயே அங்க இருக்கிற பர்ஸ்லம்ங்கிற குயவர் ஊருக்கு போயி குயவங்க மத்தியில பிரசங்கம் பண்ணவரு. 1781ல அங்கயே ஈனக் வுட்ங்கிற சின்ன வயசு குயவர் முன்னாடி உக்காந்தாரு, அவர நேர்ல பாத்து செஞ்ச மார்பளவு சிலைதான் பிற்பாடு வந்த எத்தனையோ வெஸ்லி முகத்துக்கு மூலம். வெஸ்லி செத்தது 1791, உங்களுது அதுக்கு ரொம்ப பின்னாடி செஞ்சதா இருக்கும், ஆனா அவர் பேச்ச கேட்ட ஊர் மண்ணுங்கிறதே எனக்கு பெரிய விஷயமா படுது.

மண்வாசம்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். ஓட்டை பென்சில் முனை அளவுதான், தங்கம் பீடத்து ஓரத்துல பாதி போயிருச்சு. அழுக்கு நெறைய இருக்கு, ப்ளீச்ல ஊற வைக்கலாமா?

பழையசாமான்:
ஐயோ வேண்டாம்! கறுப்பு அங்கி கிளேஸுக்கு மேல பூசின வண்ணம், உரிஞ்சு வந்துரும். ஈரத்துணியால மெதுவா ஒத்தி எடுங்க, தேஞ்ச தங்கத்து மேல மட்டும் கைய வைக்காதீங்க.