சிந்திய சீரகம் என்றுதான் நினைத்தேன்: வீட்டுக்குள் எலி வந்த அனுபவங்கள்

வேளச்சேரியிலிருந்து

2023 டிசம்பர் புயல் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. நாங்கள் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழ் வீட்டுக்காரர்கள் அரிசி மூட்டை, துணிமணி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் எங்கள் கூடத்தில் கொண்டுவந்து அடுக்கினார்கள். எலிகளும் அந்தத் தண்ணீருக்குப் பயந்து மாடி ஏறிவிட்டன. அது எங்களுக்குத் தெரிந்தது பொங்கல் நெருங்கும்போதுதான்.

முதலில் கண்ணில் பட்டது சோப்பு. குளியலறை மாடத்தில் இருந்த சோப்பின் ஓரத்தில் இரண்டிரண்டு கோடாகப் பல் பதிந்திருந்தது, யாரோ ஊசியால் வரிசையாகக் கீறிவிட்ட மாதிரி. மாமியார் பார்த்த உடனே, "எலி வந்தாச்சும்மா" என்றார். நான் நம்பவில்லை. முதல் மாடிக்கு எலி எப்படி வரும் என்று கேட்டேன். அடுத்த இரண்டு மூன்று நாள் சமையல் மேடையில் அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் சீரகம் சிந்தியிருந்தது. காலையில் அவசரம், கையாலேயே வழித்துக் குப்பையில் போட்டேன். நாலாம் நாள் ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தபோதுதான் உற்றுப் பார்த்தேன். சீரகம் என்றால் பழுப்பாக, நீளவாக்கில் வரி ஓடும். இது கறுப்பு, வரியே இல்லை, இரண்டு முனையும் கூராக இருந்தது. மூன்று நாள் வெறுங்கையால் எதைத் தொட்டிருக்கிறேன் என்று புரிந்ததும் அந்த மேடையில் சமைக்கவே மனசு வரவில்லை.

புழுக்கை அந்த அளவு சின்னதாக இருந்தால் சுண்டெலி. உலர்திராட்சை நீளம் இருந்தால் பெரிய எலி. இதை எடுத்த எடுப்பிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. பொறியின் அளவும், தேட வேண்டிய ஓட்டையின் அளவும் இதை வைத்துத்தான்.

மாமியார் ஊரிலிருந்து மரப்பெட்டிப் பொறியை வரவழைத்தார். மசால்வடை வைத்தோம். விடிந்து பார்த்தால் வடை இல்லை, கதவு திறந்தபடியே இருந்தது. வடையைக் கொக்கியில் சும்மா செருகினால் சுண்டெலி ஓரமாகக் கொறித்தே முடித்துவிடும், கொக்கி அசையாது. அப்புறம் தேங்காய்ச்சில்லைத் தணலில் லேசாகச் சுட்டு, நூலால் கொக்கியோடு இறுக்கிக் கட்டினோம். இழுத்தால்தான் தின்ன முடியும், இழுத்தால் கதவு விழும். அன்றைக்கே ஒன்று மாட்டியது. ஐந்து நாளில் மூன்று. சரி, தீர்ந்தது என்று நினைத்தோம்.

தீரவில்லை. பெண் எலி மூன்று வாரத்தில் ஈனும். ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குஞ்சு. அந்தக் குஞ்சுகள் ஒன்றரை மாதத்தில் தாமே குட்டி போடத் தயாராகிவிடும். நாங்கள் பிடித்த கணக்கு பிறந்த கணக்கை எட்டவே இல்லை. பரணில் பழைய புடவை மூட்டையைப் பிரித்தபோது நடுவில் நூல் நூலாகக் கிழித்துப் பந்து மாதிரி ஒரு கூடு. அதற்குள் கண் திறக்காத குஞ்சுகள், ரோஜா நிறத்தில், சுண்டுவிரல் நுனி அளவு. அந்தப் புடவை என் அம்மா எனக்கு வளைகாப்புக்கு எடுத்தது.

அந்தக் கோபத்தில்தான் என் கணவர் எலி கேக், அதாவது கட்டியாக வரும் எலிமருந்து, வாங்கி வந்தார், நானும் தடுக்கவில்லை. அடுப்புக்குக் கீழே, பீரோவுக்கு அடியில் என்று குழந்தைக்கு எட்டாத இடமாகப் பார்த்துத்தான் வைத்தோம். நாலாம் நாள் வீடு முழுக்க நாற்றம். பரணில் பெட்டிகளுக்குப் பின்னால் ஒன்று செத்துக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்குகிறேன், கூடத்தில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள், கையில் நீலமாக ஏதோ ஒரு துண்டு. அவளுக்கு அப்போது 1 வயது 8 மாதம். நாங்கள் வைத்த இடத்தில் அது இல்லை. எலி இழுத்துக்கொண்டுபோய்ச் சோபாவுக்கு அடியில் போட்டிருந்தது.

வாயில் வைத்தாளா இல்லையா என்று தெரியவில்லை. மருத்துவமனைக்கு ஓடினோம். இந்த வகை மருந்து ரத்தம் உறைவதைக் கெடுப்பது, அதன் விளைவு உடனே தெரியாது, இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். அந்த இரண்டு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத வரவில்லை. அவள் பல் தேய்த்து எச்சில் துப்பும்போதெல்லாம் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மிச்சம் இருந்த கேக்கைத் தேடித் தேடி எண்ணி எடுத்தோம். வைத்தது எட்டு, கிடைத்தது ஆறு. அவள் கையிலிருந்ததையும் சேர்த்தால் ஏழு. எட்டாவது துண்டு கிடைக்கவே இல்லை.

2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிமருந்து வைத்தபின் இரவு அங்கே தூங்கிய குடும்பத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இறந்துபோன செய்தி வந்தது. அன்று இரவு முழுக்க மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். குழந்தை இருக்கிற வீட்டில் எலிமருந்தே வேண்டாம். யார் எவ்வளவு பத்திரம் என்று சொன்னாலும் வேண்டாம். இதில் நான் யாரோடும் சமாதானம் ஆகத் தயாரில்லை.

வழி காட்டியது கோலமாவு. மாமியாரின் யோசனை. இரவு எல்லாரும் படுத்த பிறகு சமையலறைச் சுவரோரமாகவும் மேடை மேலும் மெல்லிசாகத் தூவினார். காலையில் பார்த்தால் மாவில் புள்ளி புள்ளியாகக் கால் தடம், நடுவே வாலின் கோடு. ஒரே தடத்தில்தான் போய் வந்திருந்தன. பின்தொடர்ந்து போனால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடம். ஒன்றரை அங்குலக் குழாய்க்கு நாலு அங்குலத்துக்குச் சுவரை உடைத்திருக்கிறார்கள், சுற்றிலும் பூசாமலே விட்டிருக்கிறார்கள். குழாய்க்கு மேலே விளிம்பில் எண்ணெய் படிந்தது போல ஒரு கறுப்புக் கறை. எலி உடம்பு தேய்ந்து தேய்ந்து வந்த கறை அது.

சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். பென்சில் நுழைகிற ஓட்டை எல்லாம் எலி நுழைகிற ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். ஏசி குழாய் வெளியே போகும் இடம், எக்ஸாஸ்ட் ஃபேன் சட்டம், வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் துளை, வாசற்கதவின் அடி. ஐந்து இடம். பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பி நாரைத் திணித்து, மேலே சிமெண்டு பூசினோம். வெறும் சிமெண்டு மட்டும் என்றால் காய்வதற்குள் சுரண்டிவிடுகின்றன. நார் பல்லில் சிக்குவதால் விட்டுவிடுகின்றன. கதவுக்கு அலுமினியப் பட்டை அடித்தோம். அடைத்த பிறகும் உள்ளே மிஞ்சியிருந்தது இரண்டு. அவை பொறியில் மாட்டின. அதோடு நின்றது.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து

அக்கா, பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாததே பெரிய விஷயம். நீங்கள் சொன்ன தடம் பார்க்கிற வேலையைத்தான் எங்கள் பக்கம் கிட்டி கட்டுகிறவர்கள் செய்வார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துச் சுருக்குக் கயிறு மாட்டிய பொறி, தஞ்சாவூர்க் கிட்டி என்று பெயர். சாயங்காலம் வயலுக்கு வந்து வரப்பு வரப்பாகக் குனிந்து நடப்பார்கள். கண்ட இடத்தில் வைக்க மாட்டார்கள். புல் படிந்திருப்பதையும் கதிர் நறுக்கிக் கிடப்பதையும் பார்த்து, இதுதான் தடம் என்று தெரிந்த பிறகுதான் கிட்டியை ஊன்றுவார்கள். விடியற்காலையில் வந்து எடுத்துக்கொண்டு எலிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிப் போவார்கள். தாத்தாவோடு நான் போய்ப் பார்த்திருக்கிறேன். வீட்டிலும் அதே கணக்குத்தான். எலி நடுக்கூடத்தில் ஓடாது, மீசை சுவரில் உரச ஓரமாகத்தான் ஓடும். பொறியைச் சுவரை ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். தயவுசெய்து மூஞ்சூறை அடிக்காதீர்கள். அது எலி இனமே இல்லை. மூக்கு நீண்டு கூராக இருக்கும், கண் இருக்கிற இடமே தெரியாது, கீச் கீச் என்று கத்திக்கொண்டே சுவரோரம் ஓடும், கிட்டப் போனால் ஒரு வாடை அடிக்கும். அது தின்பது கரப்பான், புழு, பூச்சி. வயரைக் கடிக்காது, துணியைக் கிழிக்காது. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்று ரொம்ப நாள் இருந்தது. பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி சுண்டெலி என்று நினைத்து விளக்குமாற்றால் அடித்துவிட்டார். அம்மா அன்றைக்கு முழுக்கப் பேசவே இல்லை.

ஒரு செவிலியர்

ஊர், மருத்துவமனை எதுவும் எழுத விரும்பவில்லை. பேஸ்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். ரொட்டித் துண்டில் தடவி வைப்பார்களே, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட், அதைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. ஆனாலும் பழைய டியூப் சில வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது.

இதில் மோசம் என்னவென்றால், உள்ளே போன முதல் நாள் வாந்தி, வயிற்று வலி. அப்புறம் ஒரு நாள், இரண்டு நாள் ஆள் நன்றாக இருப்பது போலவே தெரியும். சாப்பிடுவார்கள், பேசுவார்கள், வீட்டுக்குப் போகிறோம் என்பார்கள். அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஒரு பாட்டி தன் பேரனை அப்படித்தான் கூட்டி வந்தார். மேசையில் இருந்த ரொட்டி என்று நினைத்து எடுத்துக் கடித்திருக்கிறான். "வாந்தி நின்னுடுச்சேம்மா, கூட்டிட்டுப் போறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். நல்ல வேளையாக மருத்துவர் விடவில்லை. பையன் பிழைத்தான், ஆனால் மூன்று வாரம் ஆனது. வீட்டில் டியூப் இருந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள். யாராவது வாயில் வைத்துவிட்டால், நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று காத்திருக்க வேண்டாம். டியூபையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

கோயம்புத்தூரிலிருந்து

எங்களுக்கு வீட்டுக்குள் வரவில்லை, காருக்குள் வந்தது. பத்து நாள் ஊருக்குப் போய் வந்து சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. பானெட்டைத் திறந்தால் வயர் எல்லாம் சல்லடை, பேட்டரி மேல் தென்னை நாரும் முருங்கைக் குச்சியும் அடுக்கிய கூடு. எலியின் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் அதற்குப் பிழைப்பு என்று மெக்கானிக் சொன்னார். அன்றிலிருந்து வண்டியை இரண்டு நாளுக்கு மேல் அசையாமல் நிறுத்துவதில்லை.

மதுரையிலிருந்து

பசை அட்டை பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். மருந்து வேண்டாம் என்றுதான் நானும் அதை வாங்கினேன். ராத்திரி ஒரு மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். ஒரு பக்கம் முழுக்க ஒட்டிக்கொண்டு, மற்ற காலால் உந்தி உந்தி, தோல் பிய்ந்திருந்தது. கத்திக்கொண்டே இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் விடிகிற வரை அதன் பக்கத்திலேயே நின்றேன். எலியால் எனக்குத் தொல்லை இருந்தது உண்மை. அதற்காக ஒரு உயிரை விடிய விடிய அப்படி வதைக்க எனக்கு உரிமை இல்லை. மிச்சம் இருந்த அட்டைகளை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். வேளச்சேரி அக்கா, நீங்கள் பொறியில் பிடித்ததை எல்லாம் என்ன செய்தீர்கள்? சுத்தம் செய்தது எப்படி?

வேளச்சேரியிலிருந்து

தங்கைக்கு: ஏரிப் பக்கம் புதர் இருக்கிற காலி இடத்தில் கொண்டுபோய்த் திறந்துவிட்டோம். முதலில் தெருமுனையிலேயே விட்டோம், அது தப்பு. வந்த வழி அவற்றுக்குத் தெரியும், அக்கம்பக்கத்து வீட்டுக்கும் தொல்லை. பொறியை வெயிலில் வைத்து மறந்துவிடக் கூடாது. காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான்.

சுத்தம் செய்ய, உலர்ந்த புழுக்கையை அப்படியே பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு துணியால் வழித்து எடுங்கள். மழைத் தண்ணீரில் நடப்பவர்கள் காலில் புண் இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள், எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வருகிறது. எங்கள் கீழ் வீட்டு அண்ணனுக்கு அந்த மழைக்குப் பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்து, ஒரு வாரம் படுக்கையில் இருந்தார்.

அரிசி, பருப்பு எல்லாம் எவர்சில்வர் தூக்கிலும் டிரம்மிலும் போய்விட்டன. இரவு எச்சில் பாத்திரம் தொட்டியில் கிடப்பதில்லை. மூஞ்சூறு பற்றிச் சொன்ன தம்பிக்கு நன்றி, குளியலறைப் பின்பக்கம் கீச்சென்று கேட்டுக்கொண்டிருப்பது என்ன என்று இப்போது தெரிந்தது. அது இருக்கட்டும்.

மாதம் ஒரு முறை மாமியார் தொட்டிக்கு அடியில் கோலமாவு தூவி வைக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளும் கூடவே குனிந்து பார்த்தாள். மாவில் ஒரு பல்லியின் தடம் மட்டும் இருந்தது.