மறு: ‘ஃபிளாஷ் சிப் கண்டறியப்படவில்லை’: ஒரு சொல்லா, இரண்டா?

வணக்கம். ஃபிளாஷ் எனும் நினைவகச் சிப் பதிலே தராதபோதும், பதில் தந்தும் அது எந்த வகை என்று தெரியாதபோதும், பூட்லோடர் (கருவியைத் தொடக்கும் முதல் நிரல்) தலைப்பிலுள்ள ஒரே செய்தியைத்தான் காட்டுகிறது. இந்த இரண்டு பிழைக்கும் தமிழில் தனித்தனிச் சொல் வேண்டுமா என்பதே கேள்வி.

> இரண்டு பிழைக்கும் ‘கண்டறிதல்’ என்றே வைக்கலாமே. புதுச் சொல் எதற்கு?

ஒரு சொல் போதாது. இதே செய்தியை நம்பி இரண்டு நாள் ஒரு மின்சுற்றுப் பலகையின் பற்றவைப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். பற்றவைப்பில் ஒரு குறையும் இல்லை.

‘நீ எந்த வகை?’ என்று கேட்கும் 9எஃப் கட்டளையை பூட்லோடர் அனுப்பினால், எஸ்பிஐ (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இணைப்பு) வழிப் பேசும் ஃபிளாஷ் சிப் மூன்று பைட் தரும். வின்பாண்ட் நிறுவனத்தின் 16 மெகாபைட் சிப் ‘இஎஃப் 40 18’ என்று சொல்லும். முதலாவது தயாரிப்பாளர், அடுத்தது வகை, கடைசி கொள்ளளவு. பதினறும முறையில் 18 என்றால் 24. இரண்டின் 24ஆம் அடுக்கு பைட், அதாவது அதே 16 மெகாபைட். வந்த மூன்றையும் பூட்லோடர் தன் அட்டவணையில் தேடும்.

மூன்றுமே எஃப்எஃப் என்றோ 00 என்றோ வந்தால் சிப் வாயே திறக்கவில்லை. மின்சாரம், சிப்பைத் தேர்ந்தெடுக்கும் ‘சிப் செலக்ட்’ கம்பி, பின் (இணைப்புக் கால்) அமைப்பு என்று பார்க்க வேண்டியதுதான். எனக்கு வந்ததோ ‘இஎஃப் 70 18’. சிப் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. பெயரில் கடைசி எழுத்து மட்டும் மாறிய வடிவம் அது. பழைய அட்டவணையில் 40 மட்டும் இருந்தது. ஒரு வரி சேர்த்ததும் பலகை எழுந்தது.

ஆகவே முதல் பிழைக்குக் ‘கண்டறிதல்’ இருக்கட்டும். இரண்டாவதற்கு ‘இனங்காணல்’ என்று முன்மொழிகிறேன்.

> ‘அடையாளம் காணல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் ஒரே வகையில் ஆயிரம் சிப் எடுத்தாலும் இந்த மூன்று பைட் மாறாது. அவை வகையைச் சொல்கின்றன, ஆளைச் சொல்வதில்லை. இதே சிப்பில் 4பி கட்டளைக்கு 64 பிட் எண் ஒன்று வரும். அது சிப்புக்குச் சிப் வேறு. ‘அடையாள எண்’ என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன சொல்வோம்?

‘இனம்’ வேறு பொருள் தருமோ என்று ஒருவர் தயங்கினார். பறவை பார்ப்பவர்கள் இறகையும் அலகையும் பார்த்து இனங்காண்கிறார்கள். இதுவும் அதே வேலைதான். சொல் நமக்குப் புதிதும் அல்ல.

நான் மொழிபெயர்க்கும் வரிகள்:

‘ஃபிளாஷ் சிப் பதில் தரவில்லை’
‘ஃபிளாஷ் சிப்பை இனங்காண முடியவில்லை: இஎஃப் 70 18’

இரண்டாவதில் பைட்டுகளைக் கட்டாயம் அச்சிட வேண்டும். கடிகாரத் துடிப்பின் எந்த முனையில் பிட்டைப் படிப்பது என்பது தவறாக இருந்தால் ‘இஎஃப் 40 18’ ஒரு பிட் நகர்ந்து ‘எஃப்7 ஏ0 0சி’ என்று வரக்கூடும். அதுவும் இந்தச் செய்தியின் கீழ்தான் விழும். எண் கண்ணில் பட்டால்தான், குறை அட்டவணையில் இல்லை, கடிகாரத்தில் என்று பிடிபடும்.