ஈரத்துணியில் ஐந்து விநாடி: வேட்டை நாய்க்குட்டிகளிடம் கண்டவை

பிறந்த நாய்க்குட்டியின் உடம்பைச் சின்னச் சங்கடங்களுக்குப் பழக்கத் தினமும் சில விநாடி செய்கிற ஐந்து பயிற்சியும் இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிறந்த ஐந்தாம் நாள், ஏழு குட்டிகள், கடைசிப் பயிற்சியான ஈரத்துணி. ஆறு குட்டிகள் துணியில் கால் பட்டதும் முனகின, நெளிந்தன, ஓரத்துக்கு ஊர்ந்தன. ஏழாவது கத்தவில்லை. நான்கு காலும் விறைத்தபடி வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. சத்தமே வரவில்லை. அந்த வாய் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தூக்கினால் அடிவயிறு சில்லென்று இருந்தது, ஈறு வெளிறியிருந்தது. தெர்மாமீட்டரில் 34 டிகிரி செல்சியஸ். முதல் வாரக் குட்டிக்கு ஆசனவாய் வெப்பம் 35-க்கு மேல் இருக்க வேண்டும். உடனே பால் புகட்டச் சொல்லிப் பக்கத்தில் இருந்தவர்கள் பரபரத்தார்கள். புகட்டாதது நல்லதாயிற்று. உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் அசையாது. உள்ளே போன பால் செரிக்காமல் தங்கும், இல்லையென்றால் மூச்சுக்குழலுக்குள் போகும். நெஞ்சோடு சேர்த்து அணைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் மெதுவாகச் சூடேற்றிய பிறகுதான் காம்பில் விட்டது. பிழைத்துக்கொண்டது.

ஃபிரிட்ஜில் ஐந்து நிமிடம் இருக்க வேண்டிய துணி ஃப்ரீசரில் கிடந்திருக்கிறது. அது ஒரு காரணம். எடை பார்ப்பது, நகம் வெட்டுவது, படம் எடுப்பது எல்லாவற்றையும் அதே நேரத்தில் செய்தது இன்னொரு காரணம். ஏழாவதின் முறை வருவதற்குள் அது பெட்டிக்கு வெளியே மின்விசிறிக் காற்றில் கால் மணி நேரம் கிடந்துவிட்டது. முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக்கூடத் தெரியாது. ஒவ்வொன்றாக எடுங்கள், முடித்து உள்ளே விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். கத்துகிற குட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். கத்தாத குட்டியைப் பாருங்கள்.

* * *

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை: “எல்லோருக்கும் தெரியும்.” தெரிந்திருந்தால் துணி ஃப்ரீசருக்குப் போயிருக்காது. அதனால் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுவோம். அமெரிக்க ராணுவம் தன் நாய்களுக்காக வகுத்த ‘பயோ சென்சார்’ முறை இது. நாய் வளர்ப்பைப் பற்றி எழுதுகிற கார்மன் பட்டாலியா எழுதி எழுதித்தான் நாய் வளர்ப்பவர்களிடம் பரவியது. மூன்றாம் நாளிலிருந்து பதினாறாம் நாள்வரை, நாளுக்கு ஒரே முறை, ஒவ்வொரு பயிற்சியும் 3 முதல் 5 விநாடி. முதலில் பஞ்சுக்குச்சியால் கால்விரல் இடுக்கில் மெல்லத் தொடுவது. எந்தக் கால் என்றாலும் சரி, கூசும்படி தேய்க்க வேண்டாம். அடுத்து இரு கையாலும் பிடித்துத் தலை நேர் மேலே இருக்கும்படி நிறுத்துவது. பிறகு தலை நேர் கீழே. பிறகு மல்லாக்க உள்ளங்கையில் படுக்க வைப்பது, தூங்கினால் தூங்கட்டும். கடைசியாகக் குளிர்ந்த ஈரத்துணியில் கால் ஊன்ற வைப்பது. துணியில் குட்டியை அழுத்திப் பிடிக்கக் கூடாது, நகர்ந்தால் நகரட்டும். ஐந்தும் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகாது.

இதில் உறுத்துகிற காட்சி ஒன்று உண்டு. தலைகீழாகப் பிடித்த குட்டியின் இரண்டு நாசியிலும் பால் குமிழி. தாயிடம் வயிறு முட்டக் குடித்துப் பத்து நிமிடம்கூட ஆகாத குட்டி அது. மூக்கில் ஏறிய பால் நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா. மூன்று வார வயதுக்குள் குட்டி சாவதற்கு அது போதும். குடித்து ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும். குட்டிகள் தூங்கி எழுந்து அடுத்த முறை காம்பு தேட ஆரம்பிக்கிற அந்தச் சில நிமிடங்கள்தான் தோதான நேரம். முடித்ததும் தாயிடம் விட்டால் அவள் நக்கி அமைதிப்படுத்துவாள், அதுவும் பயிற்சியில் சேர்த்திதான்.

இன்னொன்று. ஐந்து விநாடி நல்லதென்றால் இருபது விநாடி இன்னும் நல்லது என்று நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சமாகக் கொடுத்து உடனே எடுத்துவிட்டால்தான் இந்தச் சங்கடம் உடம்பைப் பழக்கும். நீட்டினால் அது வெறும் சித்திரவதை.

* * *

மேலே இரண்டு பேரும் துணியையும் விநாடியையும் பற்றியே பேசுகிறீர்கள். கண்ணிவெடி மோப்ப நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வந்தது. குட்டிகளை ஏற்கெனவே நன்றாகக் கையாண்டு பழக்குகிற இடத்தில் இந்த ஐந்து பயிற்சியும் கூடுதலாக எந்த வித்தியாசத்தையும் காட்டவில்லை. இந்தப் பயிற்சியால் இதயம் வலுக்கும், நோய் அண்டாது என்றெல்லாம் இதைப் பரப்புகிறவர்கள் அடித்துச் சொல்வதை நிறுத்தலாம். சரியாகச் செய்தால் கெடுதல் இல்லை. தினமும் ஒவ்வொரு குட்டியும் மனிதக் கையில் வருகிறது என்பதே பெரிய லாபம்.

தாய் பால் கொடுக்கிற விதத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதற்காகத்தான் எழுதுகிறேன். இரண்டு பெட்டை நாய்கள், ஒரே நேரத்தில் ஈன்றவை. ஒன்று எப்போதும் ஒருக்களித்துப் படுத்தே பால் கொடுக்கும், குட்டி முனகினால் தலையைத் தூக்கி நக்கும். இன்னொன்று இரண்டாவது வாரத்திலிருந்தே உட்கார்ந்துகொண்டுதான் கொடுத்தது. குட்டிகள் பின்னங்காலை உதைத்து, சறுக்கி விழுந்து, மறுபடி ஏறிக் காம்பைப் பிடிக்க வேண்டும். பார்த்தவர்கள் எல்லாம் இரண்டாவதைப் பொறுப்பில்லாத தாய் என்றார்கள். ஆறாவது வாரத்தில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டை வைத்தபோது, உட்கார்ந்து கொடுத்தவளின் குட்டிகள் தடுப்பைச் சுற்றி வழி தேடின. மற்றவை கம்பியில் மூக்கை வைத்து அழுதன. இரண்டு ஈத்தை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் 2017-இல் வழிகாட்டி நாய்களிடம் செய்த ஆய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது: தாய் நின்றோ உட்கார்ந்தோ பால் கொடுத்த குட்டிகள் பயிற்சியில் தேறும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. எடை ஒழுங்காக ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள், ஏறினால் தாயை அவள் போக்கில் விடுங்கள்.

* * *

சத்தத்துக்கு வருவோம். எட்டரை வாரக் குட்டி, தட்டில் வாய் வைத்திருக்கும்போது பின்னால் ஒரு பாத்திர மூடி விழுந்தது. அவ்வளவுதான். வாலைச் சுருட்டிப் பெட்டிக்கு அடியில் போனது, மூன்று நாள் அந்தத் தட்டுப் பக்கமே வரவில்லை. அதே குட்டி நாலாவது வாரத்தில் அதைவிடப் பெரிய சத்தத்துக்குக் காதை மட்டும் திருப்பிவிட்டுத் தின்றுகொண்டே இருந்தது.

காது திறப்பது இரண்டு வாரம் கழிந்து. சுமார் 18, 20 நாளில் சத்தத்துக்குத் திடுக்கிட ஆரம்பிக்கும், அங்கேதான் வேலை தொடங்குகிறது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து அறையில் கதவு சாத்துவது, மரக்கட்டையில் தட்டுவது, பதிவு செய்த வெடிச் சத்தத்தைத் தாழ்வாக ஓட விடுவது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்றால் அளவு சரி. காதைப் பின்னுக்கு மடக்கித் தட்டை விட்டு விலகினால் அதிகம். அன்று நிறுத்திவிட்டு மறுநாள் பாதிச் சத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். எட்டிலிருந்து பத்து வாரம்வரை பயக் காலம், அப்போது புதுச் சத்தம் எதையும் சேர்க்கவே வேண்டாம். கொடுமை என்னவென்றால், குட்டி வீடு மாறுவதும் பெரும்பாலும் அந்த எட்டாவது வாரத்தில்தான்.

துப்பாக்கி இதில் எதிலும் சேராது. “சின்ன வயசிலேயே பழகட்டும்” என்று குட்டிகளின் தலைக்கு மேலே சுடுகிறவர்கள்தான் துப்பாக்கிக்கு மிரளும் நாய்களை உண்டாக்குகிறார்கள். பறவையைக் கண்டால் வேறெதுவும் நினைவில் நிற்காத அளவுக்கு வெறி ஏறிய பிறகு, குட்டி பறவையைத் துரத்துகிற அந்த நொடியில், நூறு மீட்டர் தள்ளி இன்னொருவர் பொட்டுத் துப்பாக்கியை ஒருமுறை வெடிக்க வேண்டும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லையென்றால் அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கலாம். ஒருமுறை நின்று பார்த்தாலும் பழைய தூரத்துக்கே போய்விடுங்கள்.

* * *

சின்னதாக ஒன்று. இருபத்தாறாம் நாள், தள்ளாடி நடக்கிற வயசு. காடை இறக்கை ஒன்றை நூலில் கட்டித் தரையில் இழுத்தபோது இரையைக் காட்ட அசையாமல் நிற்கும் பாயிண்டர் இனத்துக் குட்டி ஒன்று முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி அப்படியே உறைந்து நின்றது. ஐந்து விநாடி இருக்கும், பிறகு கால் தாங்காமல் குப்புற விழுந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ரத்தத்தில் இருக்கிறது.

அதற்காக அதைத் தினமும் செய்யாதீர்கள். அசைகிற இறக்கையைக் கண்ணால் பார்த்து நிற்கப் பழகிய குட்டி, மூக்கைப் பயன்படுத்தத் தாமதமாகும். இரண்டு மூன்று முறை போதும். பிறகு இறக்கையைப் புல்லுக்குள் ஒளித்து வைத்து மோப்பத்தில் தேட விடுங்கள். நோயில்லாத வளர்ப்புப் பறவையின் இறக்கையாகவே இருக்கட்டும். ஃப்ரீசரில் வைத்தால் செள்ளும் பேனும் சாகும், வைரஸ் சாகாது.

* * *

முதல் பதிவு போட்டவருக்கு. கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், அந்த ஏழாவது குட்டி அன்றைக்குத் திடீரென்று அப்படி ஆகியிருக்காது. எடைப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், முந்தின நாளே ஏறாமல் நின்றிருக்கும்.

சமையலறை டிஜிட்டல் தராசு, மேலே ஒரு சின்னக் கிண்ணம், உள்ளே துணி. தினமும் ஒரே நேரத்தில். ஒவ்வொரு குட்டிக்கும் கழுத்தில் வேறு நிறக் கம்பளி நூல், நான்கு நாளுக்கு ஒருமுறை தளர்த்தி விட வேண்டும், குட்டி வளர்கிற வேகத்துக்கு நூல் இறுகிவிடும். பிறந்தபோது 400 கிராம் இருந்தால் நாளுக்கு 20 முதல் 40 கிராம் ஏற வேண்டும். முதல் நாள் கொஞ்சம் இறங்கலாம், பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது. மேல் அளவில் ஏறுகிற குட்டி பத்து நாள் வாக்கில் இரட்டிப்பாகும். அடுத்தடுத்து இரண்டு நாள் ஏறாமல் நிற்கிற குட்டிக்குப் பயிற்சியே வேண்டாம். பின்காம்புகளில் பால் அதிகம், அதில் பிடித்து விடுங்கள். குண்டுக் குட்டிகளைக் கால் மணி நேரம் சூடான கூடையில் தனியாக வைத்தால் இதற்கு இடம் கிடைக்கும்.

பெட்டிக்குள் குட்டி படுக்கும் மட்டத்தில் முதல் வாரம் 30 டிகிரி வாக்கில் இருக்கட்டும். விளக்கு ஒரு மூலைக்கு மட்டும், எதிர் மூலை குளிர்ச்சியாக இருந்தால் குட்டியே இடம் மாறிக்கொள்ளும். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் குளிர், ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடந்தால் சூடு. நகத்தை வாரம் ஒருமுறை நுனி மட்டும் வெட்டுங்கள், எடை பார்க்கிற நேரத்தில் வேண்டாம். வெட்டாவிட்டால் மடியில் கீறல் விழும். வலி தாங்காமல் தாய் எழுந்து போய்விடுவாள், பால் குறையும், நீங்கள் காரணம் தெரியாமல் முழிப்பீர்கள். குடற்புழு மருந்து இரண்டு, நான்கு, ஆறு, எட்டாவது வாரங்களில். தாய்க்கும் சேர்த்து. குட்டிகளை எடுக்கும்போது தாயை வெளியே நடக்க அழைத்துப் போக ஒரு ஆள் வேண்டும். அவள் உறுமுகிற சூழ்நிலையில் செய்கிற எந்தப் பயிற்சியும் குட்டிக்குப் பயத்தைத்தான் கற்றுக் கொடுக்கும். மூன்று வாரம்வரை வெளியாள் யாரும் பெட்டிப் பக்கம் வரவே வேண்டாம்.

* * *

அந்த ஐந்து பயிற்சியும் பதினாறு நாளிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கோட்டை விட்ட ஒரு குட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றிவிடும் என்ற பயத்தில் அந்தக் குட்டியைப் பதினான்கு வாரம்வரை கொட்டிலை விட்டு வெளியே எடுக்கவில்லை. தட்டு உள்ளே போகும், ஆள் வெளியே நிற்பார். புல்வெளியில் விட்டால் அருமையாகத் தேடும், மூக்கைக் காற்றுக்கு எதிராகத் தூக்கி வளைந்து வளைந்து ஓடும், எந்தக் குறையும் இல்லை. கூப்பிட்டால் வரும். மூன்று மீட்டர் தூரத்தில் நின்றுவிடும். கை நீண்டால் வயிறு தரையில் பட ஒடுங்கி, சிறுநீர் விட்டு, மறுபடி வட்டம் போடும்.

1961-இல் ஃபிரீட்மன், கிங், எலியட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சொன்னது இதுதான். மனிதரே காணாமல் வேலிக்குள் வளர்ந்த குட்டிகளைப் பதினான்காவது வாரத்தில் வெளியே எடுத்தபோது அவை காட்டு விலங்கு மாதிரிதான் இருந்தன. ஐந்திலிருந்து ஒன்பது வாரத்துக்குள் எடுத்துப் பழக்கியவை மனிதரோடு ஒட்டிக்கொண்டன. அந்தக் கதவு மூன்றாவது வாரத்தில் திறக்கிறது, பன்னிரண்டு வாக்கில் சாத்திக்கொள்கிறது. தடுப்பூசியோ ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம்வரை இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில் போக வேண்டியது. முழுதும் முடியட்டும் என்று காத்திருந்தால் கதவு சாத்தியிருக்கும்.

இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. பார்வோ மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் தெரியாத மண்ணில் குட்டியை இறக்க வேண்டாம், தோளில் வைத்துத் தெருவைக் காட்டுங்கள். வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, கை கழுவி, தரையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள்ளட்டும். தொப்பி போட்டவர், தாடி வைத்தவர், தடி ஊன்றியவர், சின்னப் பிள்ளை என்று வாரத்துக்கு மூன்று நான்கு புது ஆட்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு குட்டியையும் கூடப்பிறந்தவைகளிடமிருந்து பிரித்து, தினமும் ஐந்து நிமிடம் தனியாக ஒரு மனிதரோடு விடுங்கள். கூட்டமாகவே பழகிய குட்டி, தனியாக நிற்கும்போது வேறு குட்டி.

அந்தக் குட்டிக்கு இப்போது பதினொரு மாதம். தரையில் வைத்த இறைச்சித் துண்டை ஒரு மீட்டர் வரை வந்து எடுக்கிறது. கையில் வைத்திருந்தால் வருவதில்லை.