ஆகஸ்டில் பத்து நாள்: செலவு குறைந்த, அமைதியான தீவுக் கடற்கரையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நெய்தல்:

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் மாதத்தில் எங்களுக்குப் பத்து நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. நானும் கணவரும் அவருடைய அம்மாவும் வெப்பமண்டலத் தீவு ஒன்றின் கடற்கரையில் அந்த நாள்களைக் கழிக்க விரும்புகிறோம். அத்தைக்கு எழுபது வயது ஆகிறது. முழங்கால் வலி உண்டு. இருந்தாலும் இடுப்பளவு நீரில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருப்பதைவிடப் பெரிய இன்பம் அவருக்கு வேறில்லை. இரவு விருந்துகள், நீர் விளையாட்டுகள், கடைத்தெரு ஆகியவை எங்களுக்குத் தேவையில்லை. காலையில் நடக்க ஒரு கரை, பகலில் படிக்க நிழல், மாலையில் இறங்கிக் குளிக்க அலை குறைந்த கடல், இவை போதும்.

மூன்று வாரமாக இணையத்தில் தேடிவிட்டேன். "அமைதியான, மலிவான பத்துத் தீவுகள்" என்று ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் தருகிறார்கள். ஒரு பட்டியலில் இருக்கும் பெயர் மற்றொன்றில் இல்லை. மாலத்தீவு செல்வந்தர்களுக்கானது என்கிறார் ஒருவர், அதைவிட மலிவு எங்கும் கிடையாது என்கிறார் இன்னொருவர். ஒருமுறை இப்படிப் பட்டியலை நம்பிப் போன இடத்தில், பக்கத்து வளாகத்து ஒலிபெருக்கி மூன்று இரவுகள் எங்களைத் தூங்கவிடவில்லை. ஆகவே எனக்கு இரண்டு கேள்விகள். ஆகஸ்டில் எந்தத் தீவு பொருந்தும்? ஓர் இடம் உண்மையிலேயே அமைதியானதா என்று போவதற்கு முன்பே அறிய வழி உண்டா?

கலங்கரை:

தீவின் பெயரை முதலில் தேடியதால்தான் மூன்று வாரம் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் மாதத்தைப் பாருங்கள். பாதிப் பெயர்கள் தாமாகவே விழுந்துவிடும்.

ஆகஸ்ட் என்றால் தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் இருக்கும். கோ லாந்தா போன்ற தீவுகளில் மே முதல் அக்டோபர் வரை மழையும் கொந்தளிப்பும் சேர்ந்தே வருவதால், விடுதிகள் பலவும் மூடியிருக்கும். திறந்திருப்பவை மிக மலிவாகக் கிடைக்கும். "பாதி விலையில் தங்கினேன்" என்று எழுதுபவர்களில் பலர் இந்த மாதங்களில் போனவர்கள்தாம், அதை அவர்கள் எப்போதும் குறிப்பிடுவதில்லை. அதே நாட்டின் மறுபக்கம், தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சமுய், கோ பங்கான் ஆகியவற்றுக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஆகஸ்ட் அங்கே ஓரளவு நல்ல மாதம். வியட்நாமின் ஃபூ குவோக் தீவையும் ஆகஸ்டில் விட்டுவிடலாம், அதன் வறண்ட காலம் நவம்பரில்தான் தொடங்குகிறது. கரீபியன் பகுதிக்கு ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை அதன் உச்சம். அரூபா, குராசாவ் போன்ற தென்கோடித் தீவுகள் பெரும்பாலும் அந்தப் பாதைக்கு வெளியே இருக்கின்றன, ஆனால் அவற்றை யாரும் மலிவு என்று சொல்ல மாட்டார்கள். மேலும் 2011 முதல் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி கரீபியன் கரைகளில் பெருமளவில் ஒதுங்கி அழுகுவதும், கோடைக்காலத்தில் அது அதிகமாக இருப்பதும் தனித் தொல்லை.

ஆகஸ்டில் வறண்டிருப்பவை என்று எஞ்சுபவை சில. இந்தோனேசியாவின் லொம்போக் தீவுக்கு அருகிலுள்ள மூன்று கிலித் தீவுகள், மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியானும் தியோமானும், ஆப்பிரிக்கக் கரையில் சான்சிபார், பசிபிக்கில் குக் தீவுகளும் ஃபிஜியும். கடைசி இரண்டும் பெரும்பாலானோருக்கு விமானச் செலவிலேயே கையைக் கடித்துவிடும்.

அடுத்ததாக, கடைசிக் கட்டப் பயணம். விமான நிலையம் உள்ள தீவில் அறை வாடகை கூடுதலாகவும் சென்றுசேரும் செலவு குறைவாகவும் இருக்கும். விமானம், தரைவழி, படகு என மூன்று மாறிப் போகும் தீவில் இது தலைகீழாகும். நான்கு நாள் பயணத்திற்கு இரண்டாவது வகை கட்டுப்படியாகாது, ஏனென்றால் படகைத் தவறவிட்டுத் துறைமுக ஊரில் ஓர் இரவு தங்க நேர்ந்தாலே மிச்சம் பிடித்தது போய்விடும். பத்து நாள் என்றால் கணக்கு மாறுகிறது. எளிதில் போக முடியாத தீவில்தான் கூட்டமும் குறைவு என்பதால், உங்களுக்கு இந்த வகையே பொருந்தும் என்பது என் எண்ணம்.

சுக்கான்:

கலங்கரை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி சரி. மாலத்தீவைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லாமல் விட்டதால் அதை நான் நிரப்புகிறேன், நீங்கள் கண்ட இரண்டு கருத்துகளும் உண்மை என்பதால்.

மாலத்தீவில் நீண்ட காலம் ஒரு தீவு ஒரு விடுதி என்ற முறைதான் இருந்தது. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டவருக்கான விருந்தினர் இல்லங்கள் பெருகியது 2009-ஐ ஒட்டி விதிகள் தளர்ந்த பிறகுதான். செல்வந்தர்களுக்கானது என்பவர் முதல் வகையையும், மலிவு என்பவர் இரண்டாவது வகையையும் பேசுகிறார். மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது, நீச்சலுடைக்கென ஒதுக்கிய தனிக் கரை இருக்கும். உங்களுக்கு இவை இரண்டும் தடையாக இருக்காது என்று நினைக்கிறேன். மது இல்லாததால் இரவு ஒலிபெருக்கியும் அரிதே. தீவுகள் தட்டையானவை, படகுத்துறைகள் கட்டப்பட்டவை, முழங்கால் வலி உள்ளவருக்கு நல்லது. ஆனால் ஆகஸ்ட் அங்கே மழைக்காலம். விரைவுப் படகில் அலைக்கு ஏற்ப முதுகு அடிவாங்கும். மெதுவாகச் செல்லும் பொதுப் படகுகள் மிக மலிவு என்றாலும், தினமும் எல்லாத் தீவுக்கும் போகாது, வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடுவதே இல்லை. விமானம் வந்திறங்கும் நாளையும் படகு புறப்படும் நாளையும் பொருத்திப் பார்க்காமல் அறை பதிவு செய்பவர்கள், கடைசியில் விரைவுப் படகுக்கே பணம் கொடுக்கிறார்கள்.

சான்சிபாரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஓதத்தைப் பாருங்கள். அங்கே முழுநிலவு, அமாவாசை நாள்களை ஒட்டி நீர்மட்டம் 3 முதல் 4 மீட்டர் வரை ஏறி இறங்கும். கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி போன்ற இடங்கள் அமைதியும் விலைக் குறைவும் உடையவைதான், ஆனால் வற்றும் நேரத்தில் கடல் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு உள்வாங்கிவிடும். கடற்பாசி வளர்க்கும் பெண்கள் அந்த வெற்றுத் தரையில் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, குளிக்கத்தான் முடியவில்லை. நீர் ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், மாலைக் குளியல் என்று நீங்கள் திட்டமிட்டிருப்பது பத்து நாளில் பாதி நாள்தான் நடக்கும். எந்நேரமும் நீந்தக்கூடிய நுங்வி, கெண்ட்வா ஆகியவை வடமுனையில் இருக்கின்றன, அங்கே கூட்டமும் இசையும் உண்டு. செலவுக் கணக்கில் இன்னொன்று: 2024 அக்டோபர் முதல் சான்சிபாருக்கு வரும் வெளிநாட்டவர் அங்கத்திய அரசுக் காப்பீட்டைக் கட்டாயம் வாங்க வேண்டும். உங்களிடம் வேறு பயணக் காப்பீடு இருந்தாலும் அதை ஏற்பதில்லை.

உப்புக்காற்று:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தீவு அமைதியானதா என்று கேட்பதில் பயனில்லை. அந்தக் கரை, அந்த விடுதி, அந்த அறை என்று மூன்று படி இறங்கிக் கேட்க வேண்டும். கோ பங்கான் என்றாலே முழுநிலவுக் கொண்டாட்டம்தான் நினைவுக்கு வரும், ஆனால் அது நடப்பது தென்கோடியில் உள்ள ஹாத் ரின் கரையில். அதே தீவின் வடக்குக் கரைகளில் தவளைச் சத்தம்தான் கேட்கும். மாறாக, சிறிய தீவு ஒன்றில் எங்கே தங்கினாலும் ஒரே மதுக்கூடத்தின் சத்தம் எல்லாருக்கும் பொதுவாகிவிடுவதும் உண்டு.

நான் செய்வது இதுதான். செயற்கைக்கோள் வரைபடத்தில் விடுதியைச் சுற்றி அரை கிலோமீட்டர் வட்டத்தைப் பார்ப்பேன். பக்கத்தில் மதுக்கூடம் இருக்கிறதா, படகுத்துறை எவ்வளவு தூரம், பின்னால் சாலை உண்டா என்று கவனிப்பேன். பிறகு மதிப்புரைகளில் குறைந்த புள்ளி கொடுத்தவற்றை மட்டும், நாம் போகும் அதே மாதத்தில் எழுதப்பட்டவற்றைத் தேடிப் படிப்பேன். "இங்கே இரவில் செய்ய ஒன்றுமே இல்லை, இளைஞர்களுக்கு ஏற்றதல்ல" என்று ஒருவர் கோபமாக எழுதியிருந்தால் உடனே பதிவு செய்துவிடுவேன். வேறொருவரின் குறை நமக்கு நற்சான்றிதழ்.

மறந்துபோகும் சத்தங்கள் சில உண்டு: மின் இணைப்பு இல்லாத இடங்களில் மின்னாக்கி, விடியலில் புறப்படும் படகு எஞ்சின்கள், பக்கத்து மனையில் கட்டுமானம். இந்த மூன்றையும் விடுதிக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் போய், சன்னலுக்குக் கீழே காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் கலவை இயந்திரம் சுழலக் கண்டேன். விடுதிக்காரர் மிகுந்த பெருமையோடு, அடுத்த ஆண்டு வந்தால் நீச்சல் குளம் இருக்கும் என்றார். சேவல்களைப் பற்றி யாரிடம் கேட்டாலும் பயனில்லை, காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெய்தல்:

மூவருக்கும் மிக்க நன்றி. வரிசையைத் திருப்பிப் போட்டதும் ஒரே மாலையில் பட்டியல் இரண்டாகச் சுருங்கிவிட்டது: கிலித் தீவுகளில் ஏர் அல்லது மேனோ, இல்லையென்றால் பெர்ஹெந்தியான். மாலத்தீவு வேறொரு மாதத்திற்கு இருக்கட்டும். எஞ்சிய இரண்டில் எது அத்தைக்கு எளிது? படகிலிருந்து இறங்குவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கலங்கரை:

அந்தக் கவலை நியாயமானது, தேர்வை அதுவே முடிவு செய்யட்டும்.

கிலித் தீவுகளில் மோட்டார் வாகனங்களே கிடையாது என்பதால் அமைதிக்கு அவை நல்ல தேர்வு. திரவாங்கான் கொண்டாட்டத் தீவு, மேனோ மிகவும் அமைதியானது, ஏர் இடைப்பட்டது. ஆனால் ஜூலையும் ஆகஸ்டும் அங்கே நெரிசலின் உச்சம், விலையும் அப்படியே. பாலியிலிருந்து வரும் விரைவுப் படகுகள் கடக்கும் லொம்போக் நீரிணை இந்த மாதங்களில் மிகவும் கொந்தளிப்பாக இருக்கும். போவதாக இருந்தால் லொம்போக் வரை விமானத்தில் சென்று, பங்சால் துறையிலிருந்து குறுகிய தூரம் கடப்பது நல்லது. கரைகளில் உடைந்த பவளத் துண்டுகள் அதிகம் என்பதால் காலணியோடுதான் நீரில் இறங்க வேண்டியிருக்கும். முழங்காலைப் பொறுத்தவரை, படகு மணலில் மோதி நிற்க, நீரில் குதித்து இறங்கும்படி நேர்வது அங்கே வழக்கமான காட்சி.

பெர்ஹெந்தியானில் இரண்டு தீவுகள். சிறியதான கெச்சிலில் முதுகுப்பை இளைஞர்கள் கூடுவார்கள், பெரியதான பெசார் குடும்பங்களுக்கு ஏற்றது. பெசாரின் தெற்கில் உள்ள தெலுக் டாலாம் விரிகுடா ஆழம் குறைந்தது. நீர் வற்றும்போது நீந்துபவர்கள் அலுத்துக்கொள்வார்கள், இடுப்பளவு நீரில் நிற்க விரும்புபவருக்கோ தேடினாலும் கிடைக்காத இடம். கோத்தா பாரு விமான நிலையத்திலிருந்து குவாலா பெசுட் படகுத்துறை தரைவழியாக ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல், அங்கிருந்து விரைவுப் படகில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். மாலைக்குப் பிறகு படகு இல்லை, ஆகவே நண்பகலுக்கு முன் விமானம் இறங்க வேண்டும். சொந்தப் படகுத்துறை உள்ள விடுதியா, இல்லையென்றால் சிறிய படகுக்கு மாறி மணலில் இறங்க வேண்டுமா என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். விடுதிகளில் படிக்கட்டுகள் அதிகம் இருப்பதால், தரைமட்டத்தில் அறை வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். பணத்தை இக்கரையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுக்கான்:

ஒரு சேர்க்கை. பத்து நாளை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா? ஆகஸ்ட் 31 மலேசியாவின் தேசிய நாள், அதை ஒட்டிய நாள்களில் தீவு நிரம்பிவிடும். செப்டம்பர் 16 மலேசிய நாள். இந்த இரண்டுக்கும் நடுவில் கூட்டம் குறையும், வானிலை பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும். விடுதிகள் பலவும் மூடுவது நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்த பிறகுதான். பெர்ஹெந்தியான் இருக்கும் தெரெங்கானு மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், கடக்கும் நாளை ஞாயிறு அல்லது திங்களாக வைத்துக்கொண்டால் படகிலும் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

நெய்தல்:

விடுப்பைத் தள்ளிப்போடக் கணவர் கேட்டுவிட்டார், செப்டம்பர் முதல் வாரத்திற்கு அனுமதி கிடைத்துவிட்டது. தெலுக் டாலாமில் மூன்று விடுதிகளுக்குப் படகுத்துறை, படிக்கட்டு, மின்னாக்கி, கட்டுமானம் என நான்கு கேள்விகளையும் எழுதி அனுப்பினேன். இரண்டு விடுதிகள் அறைகளின் புகைப்படங்களை மட்டும் அனுப்பின. மூன்றாவது விடுதியிலிருந்து நான்கு கேள்விகளுக்கும் வரிசையாகப் பதில் வந்தது. தங்களிடம் படகுத்துறை இல்லை என்றும், நீர் ஏறியிருக்கும் நேரத்தில் வந்தால் படகைக் கரைக்கு மிக அருகில் கொண்டுவந்து ஓர் ஏணி வைத்து இறக்குவோம் என்றும் எழுதியிருந்தார்கள். ஓத அட்டவணையைப் பார்த்து, கடக்கும் நாளைத் திங்கட்கிழமை காலையாக வைத்து, அந்த விடுதியையே பதிவு செய்திருக்கிறேன்.