மறு: வெர்பல் அட்டாப்சி – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கும் கோவில்பட்டி அண்ணாச்சிக்கும் வணக்கம்.

'வெர்பல் அட்டாப்சி' என்ற ஆங்கில மருத்துவச் சொல்லுக்கு, இதுவரை வந்த மடல்களில் நான்கு தமிழ்ச் சொற்கள் களத்தில் நிற்கின்றன: வாய்மொழி உடற்கூறாய்வு, சொல்வழிப் பிணக்கூறாய்வு, இறப்பு விசாரணை, துட்டி கேட்டல் (இறப்பு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பதற்குத் தெற்கே வழங்கும் சொல்). நான்கையும் தள்ளிவிட்டு ஐந்தாவதாக ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். கோபிக்கக் கூடாது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: மருத்துவர் பார்க்காமல் வீட்டிலேயே ஒருவர் இறந்துபோனால், துக்கம் சற்று ஆறிய பிறகு அந்த வீட்டாரிடம் போய், கடைசி நோய் எப்படித் தொடங்கி எப்படிப் போயிற்று என்று கேட்டு எழுதிவருவோம். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே அதைப் படித்து இறப்புக்கான காரணத்தைக் குறிப்பார்கள். ஒத்துவராவிட்டால் மூத்த மருத்துவர் ஒருவர் தீர்ப்பார். இப்போது கணினி நிரல்களும் இந்த வேலையைச் செய்கின்றன. 2020ஆம் ஆண்டுக்கான அரசு அறிக்கைப்படி, இந்தியாவில் பதிவான இறப்புகளில் காரணத்துக்கு மருத்துவச் சான்று பெற்றவை 22.5 விழுக்காடுதான். ஆய்வாளர்கள் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் சென்னையிலும் விழுப்புரத்திலும் 80,000 பெரியவர்களின் இறப்புகளை இந்த முறையில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். அந்த வீடுகளில் பேச்சு பெரும்பாலும் தமிழில்தான் நடந்திருக்கும். முறைக்குத்தான் இன்னும் தமிழ்ப் பெயர் வாய்க்கவில்லை.

> மருத்துவர்களுக்குப் பழகிய சொல் உடற்கூறாய்வு. அதை விட்டுவிட்டால் ஆய்வரங்கில் யாருக்கும் புரியாது.

இப்படி ஒரு மடலில் வந்திருந்தது. ஆய்வரங்கில் புரியும் சொல் வீட்டு வாசலில் என்ன செய்யும் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? முக்கூடல் பக்கம் ஒரு பீடித் தொழிலாளர் வீட்டில், எங்கள் மாணவி படிவத்தின் தலைப்பை அப்படியே வாசித்தார்: வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை. மடியில் பீடித்தட்டோடு இருந்த ஆச்சி நிமிர்ந்து, "குழியைத் தோண்டப் போகிறீர்களா?" என்று கேட்டார். அதற்குப் பின் அந்த வீட்டில் எங்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. பிரேதப் பரிசோதனை என்றால் நம் ஊரில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைப் பிணவறையும் போலீசும்தான் நினைவுக்கு வரும். 'விசாரணை'யும் அதே வகை. பிரேத விசாரணை என்று காவல்துறை ஏற்கெனவே அந்தச் சொல்லைப் புழங்குகிறது.

மூலச்சொல்லுக்கு இவ்வளவு விசுவாசம் காட்டவும் தேவையில்லை. அட்டாப்சி என்பதன் கிரேக்க வேர் 'தன் கண்ணால் காணல்'. அதன்முன் வெர்பல் என்று ஒட்டவைத்தவர்கள், கண்ணால் காணாததற்குக் 'காணல்' என்று பெயரிட்டார்கள். அவர்கள் மொழியில் அது ஓடிவிட்டது. நமக்கு அந்த முரண்பாடு எதற்கு?

அண்ணாச்சியின் 'துட்டி கேட்டல்' எனக்கு மிகவும் பிடித்த சொல். சிறு வயது முதல் காதில் விழுந்த சொல். ஆனால் விழுப்புரத்தில் அதைச் சொன்னால் விளங்காது. வடக்கே துக்கம் விசாரித்தல் என்பார்கள். அதைவிடப் பெரிய தடை அறம் சார்ந்தது. துட்டிக்கு வருகிறவர் உறவாக வருகிறார். நாம் தகவல் எடுக்க வருகிறோம். எதற்கு வந்தோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டியவர்கள். உறவின் பெயரைப் பூண்டு உள்ளே நுழைவது சரியில்லை. மற்றபடி துட்டி வீட்டு ஒழுக்கம் களப்பணியாளர்களுக்குக் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும். பதினாறு கழியுமுன் போகக் கூடாது. எழும்போது 'போய் வருகிறோம்' என்று சொல்லக் கூடாது; சென்னையிலிருந்து வந்த ஆய்வு உதவியாளர்கள் இதைச் சொல்லிவிட்டு, வீட்டார் முகம் ஏன் மாறியது என்று தெரியாமல் நிற்பார்கள்.

என் பரிந்துரை: இறப்புக்காரணக் கேட்டறிகை. கட்டுரையில் முதல்முறை இதை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'கேட்டறிகை' என்று சுருக்கிக்கொள்ளலாம். தமிழில் கண்டறிதலும் கேட்டறிதலும் இரட்டையாகவே நிற்கின்றன; உடலைத் திறந்து கண்டறிவது அது, வீட்டாரிடம் கேட்டறிவது இது. கேட்டறிகைப் படிவம், கேட்டறிகையாளர், கேட்டறிந்த காரணம் என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. 'சொல்வழிப் பிணக்கூறாய்வாளர்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்! 'கேட்பு' என்று இன்னும் சுருக்கலாமா என்று யோசித்தேன். கேட்பு வரைவோலை வந்து குறுக்கே நிற்கிறது. இறப்புக் கேட்பு என்றால் காப்பீட்டுப் பணம் கோருவதாகப் படும்.

> கேட்டறிகை மிகப் பொதுவான சொல். நோயாளியிடம் நாங்கள் தினமும் செய்வதும் அதுதானே?

பாளையங்கோட்டை டாக்டரம்மாவின் இந்த மறுப்பு நியாயமானது. முழுச் சொல்லை விட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே. ஆனால் அந்தப் பொதுத்தன்மை சமூகவியல்காரர்களுக்கு ஒரு வசதி. சோஷியல் அட்டாப்சியை 'சமூக உடற்கூறாய்வு' என்று எழுதினால் எதை வெட்டுகிறோம் என்றே தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போக முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் எங்கே தாமதம் என்று கேட்பதுதான் அது. சமூகக்காரணக் கேட்டறிகை என்றால் அக்காள் தங்கை போல இரண்டும் அருகருகே உட்கார்ந்துகொள்ளும்.

அண்ணாச்சி, இன்னொரு சொல்லுக்கு உங்கள் உதவி வேண்டும். 'வாயு பிடித்தது', 'ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது' என்று வீட்டார் சொன்னால் மருத்துவர்கள் ஏதோ ஒரு நோயை எட்டிவிடுகிறார்கள். 'வயதாகிப் போய்விட்டார்' என்ற ஒற்றை வரி வந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10இல் ஆர்54 (செனிலிட்டி) என்ற குறியீட்டின் கீழ் போட்டுவிடுகிறார்கள். அந்தக் குறியீட்டின் பெயரைத் தமிழில் 'முதுமை' என்று எழுதினால் அதுவே ஒரு நோய் போலாகிவிடுகிறது. 'மூப்புத் தளர்ச்சி' என்றால் மருத்துவர்கள் ஏற்பார்களா?